ஃபெண்டர் சேதம்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

கப்பல் வந்து அணையும் தளத்தின் பக்கத்தில், மோதலைத் தாங்கப் பொருத்தும் ரப்பர் மெத்தைதான் ஃபெண்டர். அது கிழிந்தால் பல இடங்களில் நடப்பது ஒன்றுதான். அதே மாடலில் இன்னொன்றை வாங்கி, அதே துளைகளில் முடுக்கிவிடுகிறார்கள். அடுத்த காற்றுக்காலம் முடிவதற்குள் அதே இடம் மறுபடியும் கிழிகிறது. ரப்பர் மட்டம் என்று முடிவு கட்டுகிறார்கள். சில நேரம் அது உண்மைதான். ஆனால் கிழிந்த ஃபெண்டர் ஒரு சாட்சி. எந்த உயரத்தில், எந்தத் திசையில், தளத்தின் எந்த முனையில் சேதம் வந்திருக்கிறது என்று விசாரிக்காமல் அதைக் கழற்றி எறிந்தால், காரணம் அதே இடத்தில் காத்துக்கொண்டிருக்கும்.

தமிழகக் கடற்கரையின் துறைமுகங்களையும் மீன்பிடி இறங்குதளங்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சென்னையில் பெரிய ஓதநாளில்கூட நீர்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டரை ஒட்டித்தான். தூத்துக்குடியில் அதற்கும் குறைவு. குஜராத்தின் பாவ்நகரில் பல மீட்டர் ஏறி இறங்குகிறது. அங்கே எழும் சிக்கல்கள் சில இங்கே வராது. இங்கே தொல்லை ஓதத்தைவிட அலையாட்டத்தில்தான் அதிகம். கிழக்குக் கரைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவக்காற்றும், அதற்கு முன்பே, உள்ளூரில் காற்றில்லாமலே திடீரென்று எழும் பேரலையான கள்ளக்கடலும்.

பார்வையிடும் முன்

கப்பல் கட்டியிருக்கும்போது ஃபெண்டருக்கு அருகில் யாரும் கையையோ தலையையோ நீட்டக் கூடாது. கப்பல் மெதுவாக நகர்வது போலத்தான் தெரியும். அதன் எடை தெரியாது. ஃபெண்டரைப் பிடித்து இறுகி நிற்கும் சங்கிலிக்கு நேர் எதிரே நிற்பதும் கூடாது. தளம் காலியாக இருக்கும்போது, நீர்மட்டம் தாழ்ந்த நேரத்தில், சிறு படகில் போய்க் கீழிருந்து மேல்நோக்கிப் பாருங்கள். மேலிருந்து எட்டிப் பார்த்தால், ரப்பருக்கு முன்னால் கப்பல் தொடும்படி மாட்டிய எஃகு முகப்புச் சட்டத்தின் மேல்விளிம்பு தவிர வேறெதுவும் தெரியாது. ஒவ்வொரு ஃபெண்டருக்கும் எண் எழுதி, ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும்.

அறிகுறி: மேற்பரப்பில் மெல்லிய விரிசல்கள்

நகத்தால் தடவினால் மட்டும் உணரக்கூடிய, நெருக்கமான, ஆழமில்லாத கோடுகள் என்றால் அது பெரும்பாலும் ஓசோனும் வெயிலும் செய்த வேலை. ரப்பர் இழுபட்டு நிற்கும் இடங்களில், குறிப்பாக வளைவுகளின் வெளிப்பக்கத்தில், இழுவிசைக்குக் குறுக்காக இவை தோன்றும். பல ஆண்டு உழைத்த ஃபெண்டரில் இது இயல்பு; உடனே மாற்ற வேண்டியதில்லை. அளந்து குறித்து வைத்தால் போதும்.

ஆனால் வாங்கி ஓரிரு ஆண்டிலேயே இப்படி ஆகியிருந்தால் கலவையில் சிக்கல். கார்பன் பிளாக்கும் ஓசோன் தடுப்புப் பொருளும் போதுமான அளவில் இல்லை, அல்லது பழைய ரப்பரையும் சுண்ணாம்புத் தூளையும் கலந்து எடை கூட்டியிருக்கிறார்கள். ஒரு சிறு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பி அடர்த்தியும் சாம்பல் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல ஃபெண்டர் ரப்பரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராமைத் தாண்டுவது அரிது. அதற்கு மேல் போனால் கனிமத் தூளைச் சந்தேகிக்கலாம்.

விரிசல் ஆழமாக, விரல் நுழையும் அளவில், ஃபெண்டரின் சுவரைச் சுற்றிவந்தால் அது வேறு கதை. அடுத்த அறிகுறியைப் பாருங்கள்.

அறிகுறி: அடிப்பகுதியில் ரப்பர் எஃகுத் தகட்டிலிருந்து பிய்ந்திருக்கிறது

செல் (உள்ளீடற்ற குட்டை உருளை), கூம்பு, ஆர்ச் (வளைவு வடிவம்) என்ற மூன்று வகையிலும் வரும் சேதம் இது. அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான். செய்ய வேண்டிய முதல் வேலை, பிய்ந்த இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டுத் தகட்டின் முகத்தைப் பார்ப்பது.

தகட்டின் மேல் ரப்பர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கிழிந்தது ரப்பரின் உடலில்தான் என்றால், ஒட்டு நன்றாகவே இருந்திருக்கிறது. ரப்பரால் தாங்க முடியாத விசை வந்திருக்கிறது. தகடு வெறுமையாக, பளபளப்பாகவோ பூச்சு நிறத்தோடோ தெரிந்தால், தொழிற்சாலையில் ரப்பரைச் சூட்டில் பதப்படுத்தி (வல்கனைஸ்) ஒட்டியபோதே ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை. அது உற்பத்திக் குறை; படம் எடுத்து, அந்தத் துண்டைப் பத்திரப்படுத்தி, உத்தரவாதத்தில் கேளுங்கள். தகட்டின் மேல் பழைய துரு படர்ந்திருந்தால், விளிம்பில் ஏற்பட்ட சிறு வெட்டு வழியாக உப்புநீர் உள்ளே போய்ப் பல காலம் தின்றிருக்கிறது. அப்படியானால் பக்கத்து ஃபெண்டர்களின் விளிம்புகளையும் உடனே பாருங்கள்.

முதல் வகை என்றால், விசை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கிழிசல் ஒரு பக்கத்தில் மட்டும் தொடங்கியிருந்தால் கப்பல் ஃபெண்டரைத் தளத்தின் நீளவாக்கில் இழுத்துச் சென்றிருக்கிறது. அதைத் தடுக்க வேண்டிய பக்கவாட்டுச் சங்கிலி தளர்ந்திருக்கும், அல்லது அறுந்திருக்கும். முகப்பில் உள்ள பாலிஎத்திலீன் அட்டைகள் தேய்ந்து உராய்வு கூடியிருக்கவும் வாய்ப்புண்டு. அட்டை நல்ல நிலையில் இருந்தால் கப்பலின் எஃகுத் தகட்டுக்கும் அதற்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.2க்குள் அடங்கும்; வெறும் ரப்பரில் அது பல மடங்கு.

கிழிசல் சுற்றளவு முழுவதும், சுவரின் நடுவில் இருந்தால், அளவுக்கு மீறி அமுங்கியிருக்கிறது. செல்லும் கூம்பும் சுவர் மடங்குவதால் வேலை செய்பவை. தொடக்கத்தில் எதிர்விசை வேகமாக ஏறும்; சுவர் மடங்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும்; வரையறுத்த எல்லையைத் தாண்டினால் செங்குத்தாக எகிறும். செல் வகைக்கு அந்த எல்லை அதன் உயரத்தில் சுமார் 52.5 சதவீதம். கூம்புக்கு 70 சதவீதத்தை ஒட்டி வரும். எல்லை மீறியதற்கு இன்னொரு தடயமும் உண்டு: முகப்புச் சட்டத்தின் பின்புறத்தில் பெயிண்ட் உராய்ந்திருக்கும், அல்லது கான்கிரீட்டில் சட்டத்தின் தடம் பதிந்திருக்கும்.

இங்கே வேகக் கணக்கை எல்லோரும் ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும். 30,000 டன் இடப்பெயர்ச்சி கொண்ட கப்பல் நொடிக்கு 0.15 மீட்டர் வேகத்தில் அணைந்தால் அதன் இயக்க ஆற்றல் 337.5 கிலோஜூல். அதே கப்பல் 0.30 மீட்டரில் வந்தால் 1,350. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. கூடவே நகரும் நீரின் எடைக்கான பெருக்கம் இதற்கு மேல் தனியாக வரும். ஆகவே சுற்றளவுக் கிழிசலைப் பார்த்ததும் பெரிய ஃபெண்டரைத் தேடிப் போகாதீர்கள். இழுவைப் படகு எத்தனை பயன்பட்டது, காற்று எந்தப் பக்கம், அணையும் வேகம் பதிவாகிறதா என்று, கப்பலைத் துறைக்குள் வழிநடத்தும் பைலட்டுகளோடு உட்கார்ந்து பேசுங்கள். அணையும் வேகத்தைக் காட்டும் லேசர் கருவி ஒன்றைத் தளத்தில் வைத்தாலே நிலைமை மாறிய இடங்கள் உண்டு.

அறிகுறி: முகப்புச் சட்டம் ஒரு பக்கம் சாய்ந்து தொங்குகிறது

சட்டத்தின் எடையைத் தாங்கும் எடைச் சங்கிலி நீண்டிருக்கிறது, அல்லது அறுந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்தில் சங்கிலியை இணைக்கும் ஷாக்கிள் என்ற வளையத்தையும் அதன் ஊசியையும் பாருங்கள். அந்த ஊசி கழலாமல் காக்கும் பிளவு ஊசி இல்லாமல் போயிருப்பது அடிக்கடி காணப்படும். இரண்டு பக்கமும் சமமாகத் தாழ்ந்திருந்தால் சங்கிலி இறுகியே இருக்கிறதா என்று பாருங்கள். தளர்வாக இருந்தால் சட்டத்தின் எடையை ரப்பர் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறது. ரப்பரின் வேலை அதுவல்ல. மெல்ல மெல்லத் தொய்ந்துவிடும்.

சங்கிலித் தேய்மானத்தை வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் அளக்க வேண்டும், நேர்ப்பகுதியில் அல்ல. கப்பல்களின் நங்கூரச் சங்கிலியில் சராசரி விட்டம் 12 சதவீதம் குறைந்தால் மாற்ற வேண்டும் என்பது, கப்பல்களின் தரத்துக்குச் சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கங்களின் விதி. ஃபெண்டர் சங்கிலிக்கு நான் 10 சதவீதத்தோடு நிறுத்திவிடுவேன். அலை தெறிக்கும் உயரத்தில்தான் துரு கடுமையாக இருக்கும். நீருக்குள் இருக்கும் பகுதி பலநேரம் நல்ல நிலையில் இருக்கும்.

சங்கிலி திரும்பத் திரும்ப அறுந்தால் தடிமனான சங்கிலி போடுவது முதலில் தோன்றும் தீர்வு. அது ஆபத்து. சங்கிலி அறுவதற்குப் பதிலாக அடுத்த முறை கான்கிரீட்டோடு கொக்கி பெயர்ந்து வரும். அமைப்பில் எது முதலில் உடைய வேண்டும் என்பதை வடிவமைப்பாளர் திட்டமிட்டே வைத்திருப்பார். பெரும்பாலும் எளிதில் மாற்றக்கூடிய ஷாக்கிள் அல்லது ஒரு வளையம். அதை மாற்றி அமைக்கும் முன் அவரிடம் கேளுங்கள்.

அறிகுறி: அட்டைகளில் பள்ளம், கீறல், காணாமல் போன துண்டுகள்

ஃபெண்டரில் எனக்கு மிகவும் பயன்படும் பகுதி இந்தப் பாலிஎத்திலீன் அட்டைகள்தாம். கப்பல் எப்படி அசைந்தது என்பது இவற்றில் எழுதப்பட்டிருக்கும்.

கிடைமட்டக் கோடுகள்: கட்டப்பட்ட பிறகும் கப்பல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டுக்கயிறுகள் தளர்வு, அல்லது நீண்ட அலை துறைமுகத்துக்குள் நுழைகிறது. செங்குத்துக் கோடுகள்: சரக்கு ஏற்றி இறக்கும்போது கப்பல் தாழ்வதும் உயர்வதும், அலையில் ஏறி இறங்குவதும். மேல்விளிம்பில் மட்டும் கொத்தாகச் சிதைவு: கப்பலின் பக்கத்தில் புடைத்து நிற்கும் இரும்புப் பட்டை, தாழ்ந்த நீர்மட்டத்தில் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இதற்கு அட்டையை மாற்றிப் பயனில்லை. சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளைச் சாய்வாக வெட்டி அமைக்க வேண்டும், அல்லது அந்தக் கப்பல்களுக்கு ஏற்ற உயரத்தில் சட்டத்தை நீட்ட வேண்டும்.

அட்டையைப் பிடிக்கும் போல்ட்டின் தலை குழிக்குள் புதைந்திருக்கும். அட்டை தேய்ந்து தலை மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் ஆழத்தில் வந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். போல்ட் வெளியே தெரிந்த நாள் முதல், அணையும் ஒவ்வொரு கப்பலின் பெயிண்டையும் அது சீவும். எண்ணெய், எரிவாயுத் தளங்களில் இரும்போடு இரும்பு உரசுவதை நினைத்துப் பார்க்கவே கூடாது. அட்டையைத் துளையிடும்போது வெப்பத்தில் நீள்வதற்கு இடம் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சித்திரை வெயிலில் பாலிஎத்திலீன் எஃகைவிடப் பல மடங்கு நீளும். இடம் இல்லாவிட்டால் அட்டை நடுவில் உப்பி, போல்ட்டைச் சுற்றிப் பிளக்கும்.

அறிகுறி: ஃபெண்டர் நன்றாக இருக்கிறது, கப்பலின் தகடு குழிகிறது

ஃபெண்டர் தப்பித்துவிட்டது என்று யாரும் நிம்மதி அடையக் கூடாது. எதிர்விசையை முகப்பின் பரப்பால் வகுத்துப் பாருங்கள். 900 கிலோநியூட்டன் எதிர்விசையை 3 சதுர மீட்டர் சட்டம் தாங்கினால், கப்பலின் மேல் அழுத்தம் சதுர மீட்டருக்கு 300 கிலோநியூட்டன். தாழ்ந்த நீர்மட்டத்தில், சரக்கு ஏற்றித் தாழ்ந்து நிற்கும் கப்பல் சட்டத்தின் பாதியை மட்டும் தொட்டால் அதுவே 600 ஆகிவிடும்.

பியாங்க் என்ற சர்வதேச நீர்வழிச் சங்கத்தின் 2002ஆம் ஆண்டு வழிகாட்டி, நிலக்கரி போன்றவற்றை மூட்டையின்றிக் கொட்டி ஏற்றும் மொத்தச் சரக்குக் கப்பல்கள் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோநியூட்டன்தான் தாங்கும் என்கிறது. 20,000 டன் வரையிலான பொதுச் சரக்குக் கப்பல்கள் 400 முதல் 700 வரை தாங்கும். அதே வழிகாட்டி 2024இல் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. புதிய வடிவமைப்பு என்றால் புதியதைப் பாருங்கள். பழைய பொதுச் சரக்குத் தளத்தில் நிலக்கரிக் கப்பலைக் கட்டத் தொடங்கும்போது இந்தத் தவறு நேர்கிறது. கப்பல் மாறியது, ஃபெண்டர் மாறவில்லை.

சட்டமே இல்லாத வெறும் உருளை ஃபெண்டர்களில் விசை ஒரு குறுகிய பட்டையில் குவியும். சிறு கப்பல்களுக்கு அவை அருமையானவை, விலை குறைவு, சங்கிலியில் தொங்கவிட்டால் போதும். மெல்லிய தகடு கொண்ட பெரிய கப்பலுக்கு அவற்றை நம்பாதீர்கள்.

அறிகுறி: தளத்தின் கடைசி ஃபெண்டர்கள் மட்டும் அடிபடுகின்றன

கப்பல் சாய்வாக அணைகிறது; முதலில் தொடுவது முனையில் இருக்கும் ஒன்று. சாய்ந்த அமுக்கத்தில் ஒரு பக்கம் முழுதாக மடங்கிவிட, மறுபக்கம் பாதிகூட வேலை செய்யாது. முனை ஃபெண்டர்களை மட்டும் ஒரு படி பெரிதாக்குவது பலன் தரும், ஆனால் எல்லாவற்றின் முகப்பும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி பின்னால் உள்ள கான்கிரீட்டைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஃபெண்டர்களுக்கு இடையில் கான்கிரீட் சிதைந்திருந்தால் இடைவெளி அதிகம். தளத்துக்கு வரும் மிகச் சிறிய கப்பலின் நீளத்தில் 0.15 பங்குக்கு மேல் இடைவெளி போகக் கூடாது என்பது பிரிட்டிஷ் தரநிலை 6349 சொல்லும் அளவுகோல். 60 மீட்டர் கப்பல் வருமானால் 9 மீட்டர். பெரிய கப்பல்களை மட்டும் கணக்கில் எடுத்துவிட்டு, பார்ஜ் என்ற தட்டையான சரக்குப் படகு வருவதை மறந்த தளங்களில் இந்தச் சிதைவு நிச்சயம்.

அறிகுறி: நங்கூர போல்ட் தளர்கிறது, கான்கிரீட் உதிர்கிறது

போல்ட்டை மீண்டும் முடுக்குவதோடு நிறுத்தாதீர்கள். போல்ட்டைச் சுற்றிப் பழுப்புக் கசிவு இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து கான்கிரீட்டைப் பிளக்கிறது. துத்தநாகப் பூச்சுள்ள தகட்டில் துருவேறா எஃகு நட்டைப் போட்டிருந்தால், உப்புநீரில் துத்தநாகம் முதலில் கரையும். நைலான் வாஷர், குழல் இரண்டும் இட்டுப் பிரித்து வையுங்கள். இரண்டாவது முறை துளையிட வேண்டியிருந்தால் பழைய துளையிலிருந்து தள்ளி, கான்கிரீட்டின் விளிம்பை நெருங்காமல் போடுங்கள்.

அறிகுறி: மிதக்கும் காற்று ஃபெண்டர் மென்மையாகிவிட்டது

கடலில் கப்பலிலிருந்து கப்பலுக்குச் சரக்கு மாற்றும்போது பயன்படும் பெரிய கருப்பு உருளைகள் இவை. ஜப்பானிய திமிங்கில வேட்டைக் கப்பல்கள் ஒருகாலத்தில் இறந்த திமிங்கிலங்களையே இடையில் தொங்கவிட்டன. யோகோஹாமா ரப்பர் நிறுவனம் 1958இல் உருவாக்கிய காற்று ஃபெண்டர் அந்த இடத்தைப் பிடித்தது.

ஐஎஸ்ஓ 17357 தரநிலை இரண்டு தொடக்க அழுத்தங்களைத் தருகிறது: 50 கிலோபாஸ்கல், 80 கிலோபாஸ்கல். உங்களுடையது எது என்று உடலில் பொறித்திருக்கும். எதன் மேலும் அழுந்தாமல் இருக்கும்போது, காலை வேளையில் அளவிடுங்கள். நண்பகல் வெயிலில் தளத்தின் மேல் கிடந்த ஃபெண்டரில் அளந்தால் உள்ளே காற்று சூடாகி அளவு கூடித் தெரியும், கசிவு மறைந்துவிடும். அழுத்தம் குறைந்தால் வால்வின் வாய், முனைத் தகட்டின் ஓ-வளையம், இரண்டிலும் சோப்பு நீர் ஊற்றிக் குமிழி பாருங்கள். அவை நன்றாக இருந்தால் உடலில் துளை. மேலே போர்த்திய டயர் வலையின் சங்கிலி அறுந்து ரப்பரைக் குத்தியிருக்கிறதா, கொட்டலசு என்ற ஓட்டுயிரி படிந்து வெட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். மென்மையாக இருக்கிறதே என்று அளவுக்கு மேல் காற்று அடிப்பது மிகவும் தவறு: அதே அமுக்கத்தில் எதிர்விசை கூடி கப்பலின் தகட்டைக் குழிக்கும்.

நுரை நிரப்பிய ஃபெண்டர் வழக்கத்தைவிடத் தாழ்ந்து மிதந்தால் வெளித்தோல் கிழிந்து நீர் புகுந்திருக்கிறது. நல்ல நுரையின் அறைகள் மூடியவை, ஆகவே பெரும்பாலும் தோலுக்கும் நுரைக்கும் இடையில்தான் நீர் நிற்கும். வெளியே எடுத்து எடை போட்டுப் பார்த்த பிறகு தோலை ஒட்டுங்கள்.

அறிகுறி: மீன்பிடி இறங்குதளத்தில் படகுகளின் பக்கம் தேய்கிறது

பழைய லாரி டயர்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது நம் கரை முழுதும் வழக்கம். கையில் காசு இல்லாத இடத்தில் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டயர் தேய்ந்து உள்ளிருக்கும் எஃகுக் கம்பி நீட்டிக்கொண்டால் கண்ணாடியிழைப் படகின் மேற்பூச்சை அது வரிவரியாகக் கீறும். நீர் உள்ளே போனதும் அந்தப் பலகையின் ஆயுள் குறையத் தொடங்கும். கம்பி தெரியும் டயரை அன்றே அவிழ்த்துவிடுங்கள். நைலான் இழை டயரில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று கவனிக்க வேண்டும்: தாழ்ந்த நீரில் சிறு படகின் விளிம்பு டயருக்குக் கீழே, அல்லது தளத்தின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே நுழைந்துகொள்கிறதா? நீர் ஏறும்போது படகு சிக்கி மூழ்கவும் கூடும். இதற்கு ஆங்கில D எழுத்து வடிவ (டி) ஃபெண்டரைச் செங்குத்தாக, மிகத் தாழ்ந்த நீர்மட்டத்துக்கும் கீழே வரை பொருத்துவதுதான் சரியான வழி. கிடைமட்டமாகப் பொருத்தினால் ஒரு நீர்மட்டத்தில் மட்டும்தான் பயன் தரும். டி ஃபெண்டரைப் பிடிக்கும் உள்தகட்டின் முனைகள் கூராக இருந்தால் தேய்த்து உருட்டிவிடுங்கள். ரப்பர் முதலில் பிளப்பது அங்கேதான்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால்

கொள்முதல் ஆணையில் ரப்பரின் அளவை மட்டும் எழுதாதீர்கள். கடினம் ஷோர் ஏ அளவில் 78க்கு மேல் இல்லை, இழுவலிமை 16 மெகாபாஸ்கலுக்குக் குறையாது, நீட்சி 350 சதவீதத்துக்குக் குறையாது, ஓசோனில் விரிசல் இல்லை என்று பியாங்க் வழிகாட்டியில் உள்ள பண்புகளை எண்ணோடு எழுதுங்கள். ஃபெண்டரின் செயல்திறன் பட்டியல் பொதுவாக 23 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிடப்பட்டது. 40 டிகிரியில் ரப்பர் மென்மையாகி அது விழுங்கும் ஆற்றல் சற்றுக் குறையும். வெப்பத் திருத்தக் கெழுவைத் தரச் சொல்லிக் கேளுங்கள். மாதிரி ஃபெண்டரை அமுக்கிப் பரிசோதிக்கும்போது உங்கள் ஆள் ஒருவர் அங்கே நிற்கட்டும், ஃபெண்டரில் பொறித்த வரிசை எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளட்டும். பழைய ஃபெண்டரிலிருந்து ஒரு கை அளவு துண்டை வெட்டி, எண்ணும் தேதியும் எழுதி அலமாரியில் வையுங்கள். அடுத்த முறை ஆய்வகத்துக்கு அனுப்ப ஒப்பீட்டுப் பொருள் தேவைப்படும்.